நீ மிதித்த பிரேக்

மகனே,

போன வியாழக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு இது பதில். "நைனா, காருக்கு முன்னாடி பிரேக் பேட் மாத்தணும்னு சொல்றான். கடைல மூணு விதமா காட்றான். எத போடறதுன்னு தெர்ல" என்றாய். நான் "டவர் கிடைக்கல, அப்பால பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். டவருக்கு ஒரு குறையும் இல்லை. மானாம்பதியில் நம் வீட்டு வாசலில் நின்றால் நான்கு கோடும் தெரியும். எனக்குத்தான் வாய் வரவில்லை. இந்த ஆறு வருடத்தில் நீ என்னிடம் கார் என்ற வார்த்தையைச் சொன்னதே கிடையாது. ஓசூரில் பழைய வண்டி ஒன்று வாங்கியிருக்கிறாய் என்பதே மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள்தான் ஓட்டுகிறாள், நீ பக்கத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்பதையும் அவளே சொன்னாள். இப்போது அவளுக்கு ஏழாவது மாதம். ஸ்டீயரிங் வயிற்றில் இடிக்கிறதாம். இனிமேல் ஆஸ்பத்திரிக்கு அவளை நீதான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். நான் போனை வைக்கிற நேரத்தில் நீ மெதுவாக ஒன்று சொன்னாய். "சாவிய எடுத்துட்டு, திரும்ப ஆணியிலயே மாட்டிடறேன் நைனா" என்று. காதில் விழாத மாதிரி வைத்தேன். விழுந்தது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் பாதியிலேயே பயந்துபோய்ப் பேனாவை மூடிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். உன் அம்மா செத்தது உன்னால் இல்லை. என்னால். அந்த வண்டியில் பிரேக் பேட் தேய்ந்துபோயிருந்தது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தே சும்மா இருந்தேன். அதற்கப்புறம் ஊரே உன்னைக் குறை சொன்னபோதும் சும்மா இருந்தேன். இதை எழுதத்தான் மூன்று நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே. கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் கிழி, அது உன் இஷ்டம்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், அதுவாவது நான் உனக்கு நேரத்தில் செய்ததாக இருக்கட்டும். கடைக்காரன் காட்டுகிற மூன்றில் ஒன்று இரும்புத்தூள் கலந்தது. கெட்டியாக இருக்கும், நெடுநாள் வரும், ஆனால் சக்கரத்துக்குள்ளே இருக்கிற டிஸ்க்கையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், காலை நேரத்துக் குளிரில் சட்டென்று பிடிக்காது. இன்னொன்று மெதுவானது. சத்தம் போடாது, நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். மூன்றாவதாக விலை அதிகமான ஒன்றை எடுத்து வைத்து, வெளிநாட்டில் எல்லாம் இதுதான் சார் என்பான். வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிற வண்டிக்கு அந்த ஆடம்பரம் தேவையில்லை. உன் வண்டியைச் செய்த கம்பெனிக்காரன் எதைப் போட்டு அனுப்பினானோ அதையே கேட்டு வாங்கு, அது அநேகமாக மெதுவான ரகமாகத்தான் இருக்கும். பெட்டி பிரிக்காமல் இருக்க வேண்டும். மேலே போட்டிருக்கிற நம்பரும் உன் வண்டி மாடலுக்கு அவர்கள் புத்தகத்தில் காட்டுகிற நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே மாதிரிதான் சார், பாதி விலைதான் என்று ஒருவன் உள்ளேயிருந்து எடுத்து வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடு. ஒரு பக்கம் மட்டும் போடாதே, இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்து நான்கையும் மாற்று. மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடலை நாலைந்து தடவை நன்றாக மிதித்து விடு. முதல் மிதி காலியாகத்தான் போகும். அதைப் பார்த்து நீ பயந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த பேடின் ஓரத்தில் நகத்தைப் போல வளைந்த சின்னத் தகடு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்து தேய்ந்து மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் கீச் என்று கத்தும். கத்துவதற்காகவே வைத்தது. என்னை மாற்று, மாற்று என்று அது போடுகிற கூச்சல் அது. இருபத்திரண்டு வருடம் வாடகைக் கார் ஓட்டியவன் நான். உத்திரமேரூர் ஸ்டாண்டில் யார் வண்டி கத்தினாலும் தூரத்திலிருந்தே காது கொடுத்து, முன்னாடியா பின்னாடியா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. வெள்ளைத் துணியால் வண்டியைத் துடைத்துத் துடைத்து மினுக்குவேன். உன் அம்மாகூடக் கிண்டல் செய்வாளே, "எனக்கு வாங்கற சோப்ப விட அந்தக் காருக்கு வாங்கற சோப்புதான் வாசனையா கீது" என்று.

அந்த ஆவணி மாதம் உனக்கு ஞாபகம் இருக்கும். முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். பெண் அழைப்புக்கு என் வண்டியைத்தான் கேட்பார்கள், வெள்ளை வண்டி, சுத்தமான வண்டி, ராசியான வண்டி என்று. அந்த மாதம் முதல் முகூர்த்தத்தில் ஒரு பெண்ணை மண்டபத்துக்கு ஏற்றிப் போனேன். மேளக்காரர்கள் முன்னால் நடக்கிறார்கள், நான் பின்னால் ஊர்ந்து வருகிறேன், பிரேக்கைத் தொடுகிறபோதெல்லாம் வண்டி கீச் என்று கத்துகிறது. பின் சீட்டில் இருந்த பெண்ணின் அத்தை என் தோளில் தட்டினாள். "இன்னாயா வண்டி இது? நல்ல காரியத்துக்குப் போறப்போ ஒப்பாரி வெச்சிக்கினு வருது!" என்றாள். அந்தப் பெண் முகம் வாடிப்போனது. எனக்கு மானம் போனது. மறுநாள் ஸ்டாண்டில் ஒருவன், "அண்ணன் வண்டி அழுவுதாமே" என்று கேட்டுச் சிரித்தான். இந்தப் பேச்சு நாலு வீட்டுக்குப் பரவினால் போதும், அந்த வருடம் முழுக்க ஒரு கல்யாணக்காரனும் என் வண்டியைக் கூப்பிட மாட்டான். சகுனத்துக்குப் பயந்தவர்கள் நம் பக்கத்து ஜனங்கள். அவர்களைச் சொல்லி என்ன, அந்தக் கத்தலை நானும் சகுனமாகத்தான் பார்த்தேன். எச்சரிக்கையாகப் பார்க்கவில்லை.

வாலாஜாபாத்தில் மெக்கானிக் தயாளனிடம் போனேன். அவன் வலது முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ணா, முடிஞ்சிபோச்சு ணா. உள்பக்கத்து பேட் ரொம்ப தேஞ்சிகீது. மாத்திடு" என்றான். நம் வண்டிக்கான பேட் அன்றைக்கு அவனிடம் இல்லை. இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னான். எனக்கோ அந்த இரண்டு நாளும் முகூர்த்தம். "மூணே மூணு சவாரி தயாளா, முடிச்சிட்டு வரேன். இப்போதிக்கு அந்தத் தகட மட்டும் மடக்கி வுட்டுடு, சத்தம் வராம இருந்தா போதும்" என்று கேட்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அது கத்தறதுக்குன்னே வெச்சிகீறான் ணா. அது வாய மூடிட்டு நீ வண்டிய எடுத்தினு போவியா? நான் செய்ய மாட்டேன், வேற எவன்கிட்டயாவது போ" என்று சொல்லிச் சக்கரத்தை மாட்டிக் கொடுத்துவிட்டான். கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். வேறு எவனிடமும் போகவில்லை. நம் வாசலிலேயே ஜாக்கி போட்டு, சக்கரத்தை எடுத்து, குறடால் அந்தத் தகட்டை நானே மடக்கினேன். உன் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "இன்னாய்யா ரிப்பேரு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, சத்தம் வந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்றேன். சரி பண்ணிவிட்டேன் என்றுதான் சொன்னேன் மகனே. இந்த வாயால்தான்.

சத்தம் நின்றது. சத்தம் நின்றதும் எனக்குப் பயமும் நின்றுவிட்டது. மூன்று சவாரி ஆறானது, ஆறு பத்தானது. தயாளன் இரண்டு தடவை போன் செய்து, பேட் வந்துவிட்டது என்றான். நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்றேன். கடைசி வாரத்தில் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போனது. எனக்கு அது பழகிவிட்டது, முன்கூட்டியே மிதித்துக்கொள்வேன், கியரைக் குறைத்துக்கொள்வேன். இருபத்திரண்டு வருட அனுபவம் எதற்கு உதவியது பார், நிற்காத வண்டியை நிற்கிற மாதிரி ஓட்டுவதற்கு உதவியது.

அந்த நாளுக்கு வருகிறேன். புள்ளலூரில் உன் சித்தி மகளுக்கு வளைகாப்பு. முந்தின நாள் ஒரு கல்யாண வீட்டாரைத் திருப்பதிக்குக் கூட்டிப் போய்விட்டு விடிந்துதான் வந்து படுத்தேன். நான் ஓட்டுவதாகத்தான் பேச்சு. உன் அம்மாதான், "அந்த மனுசன் ரெண்டு நாளா கண்ண மூடல, பாவம், தூங்கட்டும். நீ வண்டிய எடு கண்ணு" என்று உன்னிடம் சொன்னாள். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாள். புளிசாதம், எலுமிச்சை சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஒவ்வொரு தூக்காக நீ கொண்டுபோய் வைப்பது எனக்குப் படுத்தபடியே கேட்டது. ஆணியிலிருந்து நீ சாவியை எடுத்த சத்தமும் கேட்டது. நான் முழித்துத்தான் இருந்தேன். எழுந்துபோய், வேண்டாம், பஸ்ஸில் போங்கள், பிரேக் சரியில்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் உன் அம்மா கத்துவாள். இத்தனை நாளாக இந்த வண்டியிலா பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனாய் என்று கேட்பாள். அந்தத் திட்டு வாங்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, போர்வைக்குள்ளிருந்து, "மெதுவா போ" என்று மட்டும் சொன்னேன். "சரி நைனா" என்றாய்.

"மெதுவா போ" என்ற என் இரண்டு வார்த்தைதான் உன்னைத் தின்றுகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாலாஜாபாத் தாண்டிப் புள்ளலூர் போகிற ரோட்டில் சொர்ணவாரிப் பட்டத்தில் அறுத்த நெல்லைப் பாதி ரோட்டுக்குக் காயப்போட்டிருந்தார்கள். நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்க்காமல் பின்னாலேயே நடந்து வண்டிக்கு நேரே வந்துவிட்டாள். நீ மிதித்தாய். தேய்ந்த வலதுபக்கம் பிடிக்காமல், நல்ல பக்கம் மட்டும் பிடித்து வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். வண்டி நெல்மேல் வழுக்கி இடதுபக்கமாகப் புளியமரத்தில் போய் இடித்தது. இடதுபக்கம் உன் அம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நான் ஓடி வந்தபோது நீ ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்திருந்தாய். சட்டையெல்லாம் சர்க்கரைப் பொங்கல். என் காலைப் பிடித்துக்கொண்டு, "மிதிச்சேன் நைனா. சத்தியமா மிதிச்சேன். கரகரன்னு சத்தம் வந்துச்சு, நிக்கல நைனா" என்றாய். சுற்றி ஸ்டாண்டுக்காரர்கள், சொந்தக்காரர்கள், போலீஸ்காரர் எல்லோரும் நிற்கிறார்கள். நான் உன் தலையில் கையை வைத்துக்கொண்டு, "வேகமா போயிருப்பே" என்றேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அதற்கப்புறம் இன்றைய தேதி வரைக்கும் நீ மிதித்தேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. போலீஸ்காரர் கேட்டபோது, "நைனா மெதுவா போன்னு சொன்னாரு, நான்தான் கேக்கல" என்று நீயே எழுதிக் கொடுத்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வண்டியைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர், முன்பக்கம் நசுங்கிவிட்டதால் பிரேக்கைச் சோதிக்க முடியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். எனக்கு அது தப்பித்த மாதிரி இருந்தது. அப்படி நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. பிறகு வண்டியைக் காயலாங்கடைக்குப் போட்டபோது தயாளன்தான் பிரித்தான். அந்த பேடை எடுத்துப் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தான். "தகடு மடங்கி கீது ணா" என்று மட்டும் சொன்னான். அப்புறம் வழியில் பார்க்கிறபோதெல்லாம், "பையன்கிட்ட சொன்னியா?" என்று கேட்பான். ஒரு வருடம் கேட்டான். அப்புறம் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுவான். நானும் ஸ்டாண்டை விட்டு வந்துவிட்டேன், அது உனக்குத் தெரியும். நைனா துக்கத்தில் விட்டுவிட்டார் என்று நினைத்திருப்பாய்.

நீ ஊரை விட்டுப் போனாய். உன் கல்யாணத்தில் சித்தி உன்னோடு பேசவில்லை, தாலி கட்டி முடிந்ததும் சாப்பிடாமல் போய்விட்டாள். நீ பந்தலில் என்னைப் பார்த்தாய், நான் தண்ணீர் கொண்டு வரப் போகிறவன் போலப் போய்விட்டேன். என் பிள்ளை கல்யாணத்தன்றுகூட அவன் தலையிலிருந்து அதை இறக்கிவிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. என்னைத் தனியாளாக விட்டுவிடுவாய் என்ற பயம். உன் அம்மாவும் போய், நீயும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம். இதெல்லாம் காரணம் இல்லை, தெரியும். சும்மா எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் புள்ளலூருக்குப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் யாரிடமாவது சொல்லிப் பார்த்தால்தான் எழுதி முடிக்க முடியும் என்று தோன்றியது. சித்தி மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், குறடு முதற்கொண்டு. வாளியைக் கீழே வைத்தாள். "புள்ள மேல பழிய போட்டுட்டு இத்தினி வருசமா எப்டியா சோறு துன்ன?" என்று கேட்டாள். "எங்கக்கா புள்ள மூஞ்சில நான் முழிக்கலியே, கல்யாணத்துல ஒரு வாய் தண்ணி குடிக்கலியே, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். என்னைத் திண்டாட வைத்தது என்னவென்றால், அவள் என்னைப் போகச் சொல்லவில்லை. அழுது முடித்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு எத்தினி மாசம்?" என்றாள். ஏழு என்றேன். பிரசவத்துக்கு ஓசூர் வந்து கூட இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இப்போதே உனக்குப் போன் போட்டுக் கொடு என்று நின்றாள். நான்தான், இந்தக் கடிதம் அவன் கைக்குப் போய்ச் சேரட்டும், அதற்கப்புறம் பேசு என்று கேட்டுக்கொண்டேன். இன்று சாயங்காலம் உத்திரமேரூர் ஸ்டாண்டுக்கும் போகப்போகிறேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்னதைக் காதால் கேட்டவர்களில் நாலு பேர் இன்னும் அங்கே ஓட்டுகிறார்கள். அவர்களிடமும் சொல்லிவிட்டு இதைத் தபாலில் போடுவேன். இதை ஒளித்து வைத்துப் படிக்காதே. மருமகளுக்குக் காட்டு, அவள் அப்பாவுக்கும் காட்டு. உன்னைப் பற்றி அவர்களுக்கு யாராவது ஒன்று சொல்லியிருப்பார்கள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு என்ன யோக்யதை இருக்கிறது? கேட்கவில்லை. குழந்தை பிறந்தால் என்னைக் கூப்பிடாமல் இருந்தாலும் சரி, ஒரு போட்டோ அனுப்பச் சொல்லி சித்தியிடம் கேட்டுப் பார்த்துக்கொள்வேன். ஒன்று மட்டும் செய். புது பேட் மாட்டின பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு காலி ரோட்டுக்கு வண்டியைக் கொண்டுபோ. தனியாகப் போ. மெதுவாக ஓட்டி, ஒரு தடவை நன்றாக மிதி. நிற்கும். இன்னொரு தடவை மிதி. நிற்கும். பத்துத் தடவை மிதித்துப் பார், பத்துத் தடவையும் நிற்கும். உன் காலில் ஒரு கோளாறும் கிடையாது மகனே, எந்தக் காலத்திலும் இருந்தது கிடையாது.

இந்தக் கவரில் தயாளன் கொடுத்த பழைய பேடையும் வைத்திருக்கிறேன். கட்டைவிரலால் தடவிப் பார், இரும்பைத் தவிர ஒன்றும் இருக்காது. ஓரத்தில் மடங்கியிருக்கிற தகட்டில் என் குறடின் பல் பதிந்திருப்பது தெரியும். இனிமேல் யாராவது உன்னைக் கேட்டால் அதை எடுத்துக் காட்டு. அப்புறம் இன்னொன்று, இது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். உன் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறபோதெல்லாம் எதிரே ஏதாவது வந்தால் அவளும் காலடியில் கிடக்கிற ரப்பர் கால்மிதியை மிதிப்பாளே. அவள் பக்கம் பிரேக்கே கிடையாது என்று நாம் இரண்டு பேரும் சிரிப்போமே. வண்டியைப் பிரித்த அன்று அந்தக் கால்மிதியைப் பார்த்தேன், அவள் செருப்பு அழுந்திய குழி அப்படியே இருந்தது. அன்றைக்கு நீயும் மிதித்தாய், அவளும் மிதித்தாள். படுத்துக்கிடந்தவன் நான் ஒருவன்தான்.

நைனா